மீயொலி வாயுப் பாய்ச்சலின் உறுதியின்மைகளைக் கணினியில் உருவகப்படுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் பொறியியலும் பிரயோக கணிதமும் படிக்கும் மாணவர்களும், உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலரும் கடந்த சில ஆண்டுகளில் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கலைச்சொற்களை இயன்றவரை நம் பாடநூல்களில் உள்ளபடியே எழுதியுள்ளேன்; அமுக்கம், உந்தம், மீடிறன், பாயம், பிசுக்குமை என்று படித்தவர்களுக்கு அவற்றை மறுபடி விளக்க வேண்டியதில்லை.

மீயொலிப் பாய்ச்சலை வன்னியில் எங்கே காணலாம்?

மீயொலிப் பாய்ச்சல் என்பது ஒலியைவிட வேகமாக ஓடும் பாய்ச்சல். அதை ஏ9 வீதியோரத்து ரயர் கடையில் காணலாம். லொறிச் சில்லுக்கு 100 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றடித்தால், உள்ளே உள்ள தனி அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 7.8 மடங்காகிறது. காற்றைப் பொறுத்தவரை இந்த விகிதம் 1.89 ஐத் தாண்டினாலே, வால்வின் மிக ஒடுங்கிய இடத்தில் பாய்ச்சல் ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் மிஞ்சியிருக்கும் அமுக்கம் காற்றை வால்வுக்கு வெளியே விரியச் செய்து இன்னும் வேகப்படுத்துகிறது. உராய்வு இழப்புகளைப் புறக்கணித்தால், முழுவதும் விரிந்த தாரையின் மாக் எண், அதாவது அதன் வேகம் அங்குள்ள ஒலி வேகத்தின் எத்தனை மடங்கு என்பது, சரியாக 2 க்கு வருகிறது. கடைக்காரர் வால்வின் ஊசியைக் கழற்றும்போது விரலில் உறைக்கும் குளிரும் இதனோடு சேர்ந்ததே. 30 பாகை செல்சியசில் இருந்த காற்று, கணக்கின்படி 168 கெல்வின் வரை குளிர்கிறது. அந்த வெப்பநிலையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 260 மீற்றர். தாரையின் வேகம் 520 மீற்றர். உண்மையான வால்வு ஒடுங்கியதும் கரடுமுரடானதும் ஆகையால் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும், ஆனாலும் அது மீயொலிதான்.

இன்னோர் உதாரணத்தை நான் சொல்லாவிட்டாலும் இங்குள்ளோருக்குத் தெரியும். தலைக்கு மேலால் போகும் சன்னம் முதலில் ‘சடக்’ என்று ஒடிக்கும். சுட்ட இடத்தின் ‘டும்’ பிந்தி வரும். முதலாவது, சன்னம் தன்னோடு இழுத்துச் செல்லும் அதிர்ச்சியலை, அதாவது அமுக்கம் சடுதியாக உயரும் முகப்பு. இரண்டாவது, சாதாரண வேகத்தில் வரும் துப்பாக்கி ஒலி. எங்களில் பலர் இந்த இடைவெளியை எண்ணித் தூரத்தை மதிப்பிடக் கற்றது எந்த வகுப்பறையிலும் அல்ல. சன்னத்தின் முன்னே வளைந்து நிற்கும் அந்த அலையின் ஒளிப்படங்களை ஏர்ண்ஸ்ட் மாக்கும் பீற்றர் சால்ச்சரும் 1887 இல் வெளியிட்டார்கள்.

இரணைமடுக் குளத்தின் வான் பாயும்போது தெரிவதும் இதுதானா?

பெருமளவுக்கு ஆம். ஆழம் குறைந்த நீரில் சிற்றலை ஓடும் வேகம் ஆழத்தில் தங்கியுள்ளது. அரை மீற்றர் ஆழத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 2.2 மீற்றர். வான்கதவின் கீழால் பீறிடும் நீர் அதைவிட விரைவாக ஓடுவதால், கீழே என்ன நடக்கிறது என்ற செய்தி எந்த அலையாலும் மேலே போய்ச் சேர முடியாது. எனவே நீர் தன் போக்கை மெல்ல மாற்றிக்கொள்ள வழியின்றி, ஓரிடத்தில் திடீரென்று உயர்ந்து நுரைத்துக் கொந்தளிக்கிறது. இந்த நீர்த்தாவல் அதிர்ச்சியலையின் ஒன்றுவிட்ட சகோதரம். மார்கழியில் கதவுகள் திறக்கப்படும்போது பார்க்கப் போகிறவர்கள், நுரைக்கோடு ஓரிடத்திலேயே நிற்பதையும், ஆனால் அதன் விளிம்பு ஒருபோதும் அமைதியாக நிற்காததையும் கவனிக்க வேண்டும்.

உவமை ஓர் இடத்தில் முறியும். காற்றில் செங்குத்து அதிர்ச்சியலை எவ்வளவு வலுவானாலும் அடர்த்தி 6 மடங்குக்கு மேல் கூடாது. நீர்த்தாவலில் ஆழத்துக்கு அப்படி ஒரு மேல்வரம்பு இல்லை.

உறுதியின்மை என்பதால் எதைக் கருதுகிறீர்கள்?

ஒரு பாய்ச்சல் சமன்பாடுகளை முற்றாகத் திருப்தி செய்யலாம். அப்படியிருந்தும் இயற்கையில் நிலைக்காமல் போகலாம். மிகச் சிறிய குழப்பம் ஒன்றைக் கொடுத்தால் அது அடங்கிவிடுமா, வளருமா என்பதே கேள்வி. வளருமானால் அப்பாய்ச்சல் உறுதியற்றது.

மூன்று வகைகளை நீங்கள் அடிக்கடி சந்திப்பீர்கள். வெவ்வேறு வேகத்தில் ஒன்றையொன்று உரசி ஓடும் இரண்டு படைகளின் இடைமுகம் சுருண்டு சுழிகளாவது கெல்வின்-ஹெல்ம்ஹோல்ற்சு உறுதியின்மை. ஹெல்ம்ஹோல்ற்சு 1868 இலும் கெல்வின் 1871 இலும் இதை ஆராய்ந்தார்கள். பாரமான வாயு இலேசான வாயுவின் மேல் இருக்கும்போது கீழே விரல்விரலாக இறங்குவது ரேலி-ரெய்லர். அந்த இடைமுகத்தின் ஊடாக ஓர் அதிர்ச்சியலை கடந்து போனால் எழுவது ரிக்ற்மையர்-மெஷ்கோவ். ரிக்ற்மையர் 1960 இல் கணித்துச் சொன்னதை மெஷ்கோவ் 1969 இல் பரிசோதனையில் காட்டினார். முதல் இரண்டும் தொடக்கத்தில் அடுக்குக்குறி முறையில் வளர்கின்றன. மூன்றாவது, ஒரே உதை வாங்கிய பந்துபோல, நேரத்துக்கு நேர்விகிதமாக மட்டுமே வளர்கிறது. நிரல் எழுதுபவர் இந்த வேறுபாட்டை மறந்து, மூன்றாவதுக்கும் மடக்கை வரைபு போட்டு நேர்கோட்டைத் தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சோளகக் காற்றில் குளத்தில் எழும் அலையை முதல் வகைக்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம். நான் காட்டுவதில்லை, காற்று நீரில் அலை எழுப்பும் கதை அதைவிடச் சிக்கலானது.

வேகம் கூடக் கூட உறுதியின்மையும் கூடத்தானே வேண்டும்?

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள், நடப்பது நேர்மாறு. அமுக்கப்பட முடியாத, ஒரே அடர்த்தியுள்ள இரண்டு படைகளில் வளர்ச்சி வீதம் வேக வேறுபாட்டுக்கு நேர்விகிதசமம். ஆனால் வேக வேறுபாடு ஒலியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்கதாகும்போது, இடைமுகத்தின் ஒரு புடைப்பில் எழும் அமுக்க மாற்றம் அக்கம்பக்கத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. புடைப்பை மேலும் இழுத்து வளர்க்க வேண்டிய உறிஞ்சல் பலவீனமாகிறது. சக்தியின் ஒரு பகுதி ஒலியலையாக வெளியேறிவிடுகிறது. ஒரே வாயுவின் இரண்டு படைகளுக்கு இடையிலான வேக வேறுபாடு ஒலியின் வேகத்தின் 2√2 மடங்கை, அதாவது ஏறத்தாழ 2.83 மடங்கைத் தாண்டினால், தடிப்பில்லாத இடைமுகம் இருபரிமாணக் குழப்பங்களுக்கு உறுதியானதாகிவிடுகிறது என்று லாண்டாவ் 1944 இல் காட்டினார். சாய்வாக ஓடும் முப்பரிமாணக் குழப்பங்களுக்கு இந்த விலக்குக் கிடையாது. ஆகவே இருபரிமாணத்தில் மட்டும் ஓட்டிவிட்டு ‘உறுதியானது’ என்று எழுதிவிடக் கூடாது.

நடைமுறையில் காவுகை மாக் எண்ணைப் பயன்படுத்துவார்கள்: இரு படைகளின் வேக வேறுபாட்டை இரண்டின் ஒலி வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நமது ரயர் தாரைக்கு 520 ஐ 260 உம் 349 உம் சேர்ந்த 609 ஆல் வகுத்தால் 0.85 வருகிறது. இந்த எண் 1 ஐ அண்டும்போது, கலக்கும் படை தடிக்கும் வீதம் அமுக்கப்படாத பாய்ச்சலில் உள்ளதன் ஒரு சிறு பங்காகக் குறைந்துவிடுகிறது. மீயொலி வேகத்தில் எரிபொருளையும் காற்றையும் கலந்து எரிக்க முயலும் எஞ்சின்களுக்கு இதுவே பெரிய தலையிடி. கலப்பதற்குக் கிடைப்பதோ சில மில்லிசெக்கன்.

இதே கலக்கும் படைதான் தாரை எஞ்சினின் இரைச்சலுக்கும் ஊற்று. பதுங்குகுழிக்குள் இருந்து கிபிர் போர் விமானத்தின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்த ஒரு மாணவி, அந்தச் சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று ஒருமுறை கேட்டார். எஞ்சினின் பின்னால், தாரையும் நின்ற காற்றும் உரசும் இடத்திலுள்ள சுழிகளிலிருந்துதான் பெரும்பகுதி பிறக்கிறது என்றேன். அவர் தம் இறுதியாண்டு ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டார்.

எந்தச் சமன்பாடுகளைத் தீர்க்கிறோம்?

திணிவு, உந்தம், சக்தி ஆகிய மூன்றின் காப்பு விதிகள். அவற்றோடு வாயுச் சமன்பாடு. பிசுக்குமையைச் சேர்த்தால் நேவியர்-ஸ்ரோக்சு, விட்டுவிட்டால் ஒயிலர். ஒயிலர் எளிது என்று அதில் தொடங்குகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பிசுக்குமை இல்லாத, தடிப்பில்லாத இடைமுகத்தில் அலைநீளம் குறையக் குறைய வளர்ச்சி வீதம் கூடிக்கொண்டே போகும். ஆகவே வலையை, அதாவது கணிப்புக்காக வெளியைப் பிரித்த சிறு கட்டங்களின் தொகுதியை, நுணுக்கமாக்கும் ஒவ்வொரு முறையும் புதிய சிறு சுருள்கள் முளைக்கும். விடை ஒருபோதும் ஓரிடத்தில் நிலைகொள்ளாது.

சாதாரண முடிவுள்ள வித்தியாச முறை ஏன் போதாது?

வளிமண்டல அமுக்கத்தில் காற்றின் அதிர்ச்சியலை ஒரு மைக்குரோமீற்றரிலும் மெல்லியது. நம் வலையின் கட்டம் ஒரு மில்லிமீற்றராக இருந்தால், அலை அதற்குள் ஒளிந்துவிடும். கணினிக்குத் தெரிவது ஒரு செங்குத்துப் படி மட்டுமே. இந்த முறையில் அயல் கட்டங்களின் வித்தியாசத்தைக் கொண்டு அந்தப் படியின் குறுக்கே சரிவைக் கணிக்கப் போனால், இருபுறமும் பொய் அலைவுகள் எழும். அடர்த்தியோ அமுக்கமோ மறையாகி நிரல் நின்றுவிடும்.

பரிகாரம், வேண்டுமென்றே சிறிது பிசுக்கைச் சேர்ப்பது. வொன் நியூமனும் ரிக்ற்மையரும் 1950 இல் அதை வெளிப்படையாகவே சேர்த்தார்கள். கொடுனோவ் 1959 இல் வேறு வழி கண்டார்: அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய தகடு இருந்ததாகவும் அது சட்டென அகற்றப்பட்டதாகவும் கருதி, அப்போது எழும் அலைகளிலிருந்து பாயத்தை, அதாவது அந்த எல்லையைக் கடந்து ஓடும் திணிவு, உந்தம், சக்தி ஆகியவற்றின் அளவை, கணிப்பது. பொய் அலைவு எழுப்பாத எந்த ஏகபரிமாண (நேரியல்) முறையும் முதல் வரிசைச் செம்மையைத் தாண்ட முடியாது என்ற தேற்றமும் அவருடையதே. அதற்குப் பின் வந்த வான் லீரின் சரிவு வரையறுப்பு, ஈனோ (ENO), வீனோ (WENO) ஆகிய முறைகள் எல்லாம் இந்தத் தேற்றத்தைச் சுற்றிப் போக எடுத்த வழிகள்: மென்மையான இடத்தில் உயர் வரிசை, படியைக் கண்டால் பணிந்து முதல் வரிசை.

படத்தில் தெரியும் சுருள் இயற்கையுடையதா, நிரலுடையதா?

இந்தப் பக்கத்தில் நான் எழுத விரும்பிய கேள்வி இதுதான். அதிர்ச்சியலையைத் தாங்கிப் பிடிப்பதற்கு எண்முறைப் பிசுக்கு வேண்டும். அதே பிசுக்கு இடைமுகத்தில் பட்டால், வளர வேண்டிய சிறு சுருள் கருவிலேயே அழிந்துவிடும். பிசுக்கைக் குறைத்தால் சுருள் பிழைக்கும், ஆனால் அதிர்ச்சியலை தானே ஆடத் தொடங்கி, இல்லாத உறுதியின்மை ஒன்றைப் பெற்றெடுக்கும். இரண்டு பக்கமும் வழு. நிறம் தீட்டிய படமோ இரண்டிலும் அழகாகவே இருக்கும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மாக் 10 பாய்ச்சலில் ஓர் உருளையை வைத்து, அதன் முன்னே நிற்கும் வில் வடிவ அதிர்ச்சியலையை உருவகப்படுத்திக்கொண்டிருந்தேன். முதல் சில ஆயிரம் கால அடிகளுக்கு அலை பிறைபோல ஒழுங்காக நின்றது. பிறகு சரியாக நடுக்கோட்டில், மூக்கு நுனியில் பரு வந்ததுபோல ஒரு சிறு புடைப்பு. அது வளர்ந்து கூம்பாகி, இரு பக்கமும் சுழிகள் தோன்றின. சுழிகளைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி. ஏதோ புதிய உறுதியின்மை என்று எண்ணி இரண்டு கிழமை அதன் வளர்ச்சி வீதத்தை அளந்தேன். ஒரு நாள் வலையை அரைக் கட்டம் மட்டும் பக்கவாட்டில் நகர்த்தி ஓட்டியபோது புடைப்பின் வடிவம் மாறியது. இயற்கைக்கு என் வலையின் கோடுகள் எங்கே போகின்றன என்று தெரியாது. அப்போதுதான் விளங்கியது. பீரியும் இம்லேயும் 1988 இலேயே எழுதிவைத்த பழைய நோய் அது. இடைமுகத்தைத் துல்லியமாகப் பிடிக்கும் றோ வகைப் பாயங்களை அது பிடிப்பதுண்டு. பாயத்தைப் பிசுக்குக் கூடிய எச்.எல்.எல். (HLL) முறைக்கு மாற்றினேன்; பரு மறைந்தது. கூடவே, பின்புறத்தில் இருந்த உண்மையான சுழிகளும் மங்கிவிட்டன. ஏனெனில் எச்.எல்.எல். தொடுகை இடைமுகத்தைப் பூசி மெழுகிவிடும்.

இப்போது நான் செய்வது, அதிர்ச்சியலைக்கு அண்மையில் பிசுக்குள்ள பாயம், மற்ற இடங்களில் கூரிய பாயம் என்று கலந்து பயன்படுத்துவது. எங்கே மாற வேண்டும் என்பதை அமுக்கச் சரிவைக் கொண்டு நிரலே தீர்மானிக்கும். அதற்கு மேலும், எந்தச் சுருளையும் நம்புவதற்கு முன் மூன்று காரியம் செய்கிறேன்: வலையை நகர்த்தவோ சரிக்கவோ செய்து மறுபடி ஓட்டுவது, பாயத்தை மாற்றி ஓட்டுவது, உண்மையான பிசுக்குமையைச் சேர்த்து வலையை இரண்டு முறை நுணுக்கமாக்கிப் பார்ப்பது. மூன்றிலும் பிழைத்த சுருளைத்தான் ஆய்வறிக்கையில் போட அனுமதிப்பேன். இதற்காக என்னோடு கோபித்த மாணவர்கள் உண்டு.

குழப்பத்தை நாமே கொடுக்க வேண்டுமா, தானாக வருமா?

நாமே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலும் ஏதோ வளரும். ஆனால் அது பதினாறாவது தசமத்தில் நேரும் மட்டந்தட்டல் வழுவிலிருந்து வளர்ந்தது. கூட்டல் வரிசை மாறினாலே அதுவும் மாறிவிடும். வீச்சமும் அலைநீளமும் தெரிந்த ஒரு சிறு சைன் அலையைக் கொடுங்கள். இடைமுகத்தையும் படியாக வையாமல், பல கட்டங்களுக்குப் பரவிய மென்மையான சரிவாக வையுங்கள்.

கால அடியை எப்படித் தெரிவு செய்வது?

ஓர் அடியில் எந்த அலையும் ஒரு கட்டத்துக்கு மேல் ஓடக் கூடாது. கூராண்ட், பிரீட்ரிக்சு, லூயி ஆகிய மூவரும் 1928 இல் சொன்ன நிபந்தனை இது. ரயர் தாரையில் மிக விரைவான அலை 520 உடன் 260 சேர்ந்து செக்கனுக்கு 780 மீற்றர் ஓடும். கட்டம் ஒரு மில்லிமீற்றராயின், வரம்பு 1.28 மைக்குரோசெக்கன், பாதுகாப்புக்கு அதில் பாதியை எடுத்தால், 10 மில்லிசெக்கனுக்கு ஏறத்தாழ 15,600 அடிகள் வேண்டும்.

இதற்கு மீக்கணினி வேண்டாமா? வீட்டு மடிக்கணினி போதுமா?

இருபரிமாணத்துக்குத் தாராளமாகப் போதும். 512 க்கு 512 கட்ட வலையில் நான்கு கணியங்களைச் சேமிக்க ஏறத்தாழ 8.4 மெகாபைற்று மட்டுமே வேண்டும். உங்கள் தொலைபேசியில் உள்ள ஓர் ஒளிப்படம் அவ்வளவு இருக்கும். செலவு நினைவகத்தில் அல்ல, நேரத்தில் இருக்கிறது. கட்டத்தின் நீளத்தை அரைவாசியாக்கினால், கால அடியும் அரைவாசியாவதால், இருபரிமாணத்தில் வேலை 8 மடங்காகவும் முப்பரிமாணத்தில் 16 மடங்காகவும் கூடும். ஒவ்வொரு பக்கமும் 1024 கட்டங்கள் உள்ள முப்பரிமாண வலைக்கு ஐந்து கணியங்களே 43 கிகாபைற்றைப் பிடிக்கும். அதற்கு வேறு இடம் தேட வேண்டும்.

நிரலை போர்ட்ரானிலோ சி யிலோ எழுதுங்கள். பைதன் வரைபடத்துக்கு நல்லது. கட்டம் கட்டமாகச் சுற்றும் கணிப்புக்கு மெதுவானது. ஓப்பன்ஃபோம் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் மீயொலிப் பாய்ச்சலுக்கான தீர்ப்பியும் உண்டு. ஆனால் ஒருபரிமாண நிரல் ஒன்றையாவது சொந்தக் கையால் எழுதாதவரை அதைத் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மின்வெட்டைப் பற்றி ஒரு சொல். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் நின்ற நாட்களும் இருந்தன. என் மடிக்கணினியின் பற்றரியோ பெயருக்கு மட்டும். ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நிலைமையை ஒரே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின் போனது. பழையதும் அழிந்து, புதியதும் அரைகுறையாகி, நான்கு நாள் ஓட்டம் வீணானது. அன்றிலிருந்து இரண்டு கோப்புகளில் மாறி மாறி எழுதுகிறேன்.

முதலில் எதைச் செய்து பார்ப்பது?

சொட் (Sod) என்பவர் 1978 இல் தந்த அதிர்ச்சிக் குழாய்ச் சோதனைக் கணக்கு. இடப்பக்கம் அடர்த்தி 1, அமுக்கம் 1. வலப்பக்கம் அடர்த்தி 0.125, அமுக்கம் 0.1, நடுவே தகடு. தகடு அகன்றபின் நடுப்பகுதியில் அமுக்கம் 0.303, வேகம் 0.927 என்று வர வேண்டும். தொடுகை இடைமுகத்தின் இரு பக்கமும் அடர்த்தி 0.426, 0.266. வராவிட்டால் மேற்கொண்டு போகாதீர்கள்.

அடுத்து, குறைந்த மாக் எண்ணில், 0.2 அளவில், அதிபரவளைவுத் தான்சன் (tanh) வடிவ வேகப் படை ஒன்றை எடுங்கள். இரு பக்கமும் எதிரெதிராக ஓடும் வேகம் U, படையின் அரைத் தடிப்பு δ என்றால், மிக விரைவாக வளரும் அலையின் நீளம் ஏறத்தாழ 14 δ. அதன் வளர்ச்சி வீதம் 0.19 U/δ. குறுக்கு வேகத்தின் உச்சப் பெறுமானத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால், தொடக்கத்தில் சிறு தள்ளாட்டம், பிறகு நேர்கோடு, இறுதியில் சுருள் நிறைந்து வளைவு. அந்த நேர்கோட்டின் சரிவுதான் உங்களுக்கு வேண்டியது. அலைநீளத்துக்கு எட்டுக் கட்டங்கள் மட்டும் கொடுத்துப் பாருங்கள். சரிவு எவ்வளவு குறைகிறது என்பதைக் கண்ணால் கண்டபின், எண்முறைப் பிசுக்கைப் பற்றி யாரும் உங்களுக்கு விரிவுரை செய்ய வேண்டியிராது.

எல்லைகளில் அலை திரும்பி வருகிறதே?

வரும். வெளியேற்ற எல்லைக்கு முன்னே கட்டங்களைப் படிப்படியாகப் பெரிதாக்கி, குழப்பங்களை மெல்லத் தணிக்கும் ஒரு பஞ்சுப் படையை வையுங்கள். தாரையின் உறுதியின்மையை ஆராயும்போது இது கட்டாயம். திரும்பிய ஒலியலை தாரையின் வாயில் பட்டுப் புதிய குழப்பத்தைத் தூண்டிவிடும். இயற்கையிலும் இதற்கு ஒத்த ஒரு சுற்று உண்டு: தாரைக்குள் உள்ள அதிர்ச்சிக் கட்டங்களில் சுழி மோதி எழும் ஒலி மேலே போய் வாயில் அடுத்த சுழியைப் பிறப்பிக்கிறது, பவல் 1953 இல் விளக்கிய கீச்சொலி அது. உங்கள் எல்லை உண்டாக்கிய கீச்சையும் தாரையின் கீச்சையும் பிரித்தறிய, எல்லையைத் தள்ளி வைத்து ஓட்டுங்கள். மீடிறன் மாறினால் அது எல்லையின் வேலை.

காற்றுச் சுரங்கம் இல்லாத ஊரில் கணிப்பை எதோடு ஒப்பிடுவது?

ரயர் கடையின் அமுக்கியோடு ஒப்பிடலாம். தொலைநோக்கிக்கான குழிவாடி ஒன்று, ஒரு சிறு எல்.ஈ.டி., ஒரு சவர அலகு, தொலைபேசிக் கமெரா ஆகியவை இருந்தால், ரொப்லர் 1864 இல் விவரித்த ஷ்லீரன் (schlieren) முறையில் காற்றின் அடர்த்திச் சரிவுகளைக் காணலாம். ஆடியின் வளைவு மையத்தில் ஒளியையும் அலகையும் பக்கம் பக்கமாக வைத்து, அலகை மெதுவாக நகர்த்திப் பிம்பத்தின் பாதியை மறைக்க வேண்டும். அமுக்கியிலிருந்து வரும் குழாயின் முனையில் 2.5 மில்லிமீற்றர் துளையுள்ள பித்தளை முனை ஒன்றைப் பொருத்தி, ஆடியின் முன்னே பாயவிட்டால், தாரைக்குள் வைரம் கோத்ததுபோல அதிர்ச்சிக் கட்டங்கள் தெரியும். முழு 100 பி.எஸ்.ஐ. யும் முனைவரை வந்து சேர்ந்தால், பிரான்ட்ல் தந்த மதிப்பீட்டின்படி அவற்றின் இடைவெளி 7 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். குழாயில் அமுக்கம் இழக்கப்படுவதால் நடைமுறையில் அதைவிடக் குறையும், ஆகவே முனைக்கு அருகிலேயே ஓர் அமுக்கமானியை வைத்து அந்தப் பெறுமானத்தையே கணிப்புக்குக் கொடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். தாரையை ஒருவர் மீதும் திருப்ப வேண்டாம். முதல் மூன்று நான்கு கட்டங்கள் கூர்மையாகத் தெரியும், அதற்கப்பால் கலக்கும் படை உள்ளே தடித்து அவற்றை விழுங்கிவிடும். எத்தனையாவது கட்டத்தில் விழுங்குகிறது என்று எண்ணிக்கொண்டு போய், உங்கள் நிரலின் தாரையிலும் எண்ணிப் பாருங்கள்.